லிஃப்ட்காரருக்கு ஒண்ணுமில்ல

லிஃப்ட்காரருக்கு முதலில் முதுகு வலித்தது. முதுகு சரியாவதற்குள் வயிறு எரிந்தது. வயிற்றுக்கு மாத்திரை வாங்கி வருவதற்குள் இடது தோளில் ஒரு குத்தல் ஆரம்பித்து, இதயமாக இருக்குமோ என்று வீட்டையே கலங்கடித்தது. மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், டிரெட்மில்லில் ஏற்றி நாக்குத் தள்ள ஓடவிட்டார்கள். கடைசியில் மூன்று பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "உங்களுக்கு ஒண்ணுமில்ல."

அவர் மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவளுக்கு மருந்துக்கடையில் பில் போடும் வேலை. எந்தெந்த மாத்திரை வாங்குகிறவர்கள் கொஞ்ச நாளில் கடைப் பக்கமே வராமல் போய்விடுகிறார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. ஆஸ்பத்திரி வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்து வைத்தார். உள்ளுக்குள் என்னவோ ஏமாற்றமாக இருந்தது. ஏதாவது ஒன்று இருந்து தொலைத்திருந்தால் தேவலையே, அதன் பெயரைச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. இப்படியும் நினைக்கிற மனுஷன் உலகத்தில் உண்டா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

வயது நாற்பத்தேழு. இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகள், அலுவலகங்கள், ஆஸ்பத்திரிகள் என்று ஊரில் பாதிப் பேர் மேலே போய்க் கீழே வருவது அவர் கைவேலையால். அவர் குடியிருப்பதோ லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. இதைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்யாதவர்கள் தெருவில் கிடையாது. முன்பெல்லாம் அவரும் சளைக்க மாட்டார். "நாள் பூரா ஏறி இறங்குறவனுக்கு வீட்லயாவது காலுக்கு வேலை இருக்கட்டும்யா" என்பார். இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், காதில் விழாதவர் மாதிரி படியேறிவிடுகிறார்.

எப்போதிலிருந்து இப்படி? அது யாருக்கும் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை. ஒரு சாவு, ஒரு நஷ்டம், ஒரு சண்டை என்று கைகாட்ட எதுவும் இல்லை. காரணம் உள்ள துக்கம் என்றால் நாலு பேர் வந்து பக்கத்தில் உட்காருவார்கள். காரணம் சொல்லத் தெரியாத துக்கத்துக்கு யார் வருவார்கள்? படுகிறவனே அதை நம்ப மாட்டான். தின்ற சோறு செரிக்காமல் கொழுப்பு ஏறிவிட்டது என்றுதான் நினைத்துக்கொள்வான்.

என்னைக் கேட்டால் நான் ஒரு தேதி சொல்வேன். இரண்டு ஆள் வேலையைக் கம்பெனி ஒரு ஆள் வேலையாக ஆக்கிய தேதி.

லிஃப்ட் வேலையை அதற்கு முன்பு ஜோடி ஜோடியாகத்தான் செய்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. நாம் ஏறிப்போகிற பெட்டிக்கு மேலே ஒரு கூரை இருக்கிறது. அந்தக் கூரைமேல் நின்றுதான் பாதி வேலை. மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்து, உள்ளே கையை நீட்டி, கூரைமேல் இருக்கிற சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் லிஃப்ட் அசையாது. அதற்கப்புறம்தான் கால் வைக்கலாம். அமுக்காமல் ஏறினாலும், கதவு திறந்திருக்கிற வரை ஒன்றும் ஆகாது. கதவு மூடிக்கொண்டதோ, எந்த மாடியில் யார் கூப்பிட்டாலும் அது கிளம்பிவிடும். தன் தலைமேல் ஒரு ஆள் நிற்பது அதற்குத் தெரியாது. அதனால் பொத்தானை அமுக்குகிறவர் "அடிச்சாச்சு" என்பார். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கூட்டாளி, பொத்தான் உள்ளே போயிருப்பதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு "ஏறு" என்பார். அந்த "ஏறு" காதில் விழாமல் எந்த மெக்கானிக்கும் காலைத் தூக்க மாட்டான்.

லிஃப்ட்காரரின் கூட்டாளிக்கு டிப்போவில் ஸ்பீக்கர் என்று பெயர். வாய் அப்படி. காலையில் வேன் கதவைத் திறக்கும்போது ஆரம்பித்தால் சாயங்காலம் மூடும்போதுதான் நிறுத்துவார். பந்தாட்டம், அரசியல், சூப்பர்வைசரின் தலைமுடி சொந்த முடியா வாங்கின முடியா என்று அவர் அலசாத விஷயம் இல்லை. லிஃப்ட்காரர் "ம்" கொட்டுவார், நடுநடுவே ஒரு குத்தல் வார்த்தை வீசுவார். பதினெட்டு வருஷம் ஒரே வேனில் இப்படி ஓடிற்று. ஆனால் ஆண்பிள்ளைகளின் சிநேகிதம் ஒரு தினுசு. ஒருவன் வீட்டுக் குழாய் ஒழுகினால் இன்னொருவன் லீவு போட்டுவிட்டு வந்து சரிசெய்வான். "நீ நல்லா இருக்கியா?" என்ற கேள்வியை மட்டும், பதில் வேண்டும் என்று நினைத்துக் கேட்க மாட்டான்.

இப்போது ஆளுக்கு ஒரு வேன், ஆளுக்கு ஒரு போன். எந்தக் கட்டடம், எத்தனை நிமிஷம் என்று போன் சொல்கிறது. ஸ்பீக்கரை ஊரின் அந்தக் கோடிக்குப் போட்டுவிட்டார்கள். லிஃப்ட்காரர் தானே பொத்தானை அமுக்கி, தானே பார்த்து, தானே ஏறினார். மத்தியானச் சாப்பாட்டை ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து முடித்தார். "லிஃப்ட் சரியாச்சா?" என்று செக்யூரிட்டி கேட்பார், "ஆச்சு" என்பார். சில நாட்களில் வீட்டுக்குப் போகிறவரை அவர் வாயிலிருந்து வந்த பேச்சு அந்த "ஆச்சு" மட்டும்தான்.

வீட்டிலாவது பேசினாரா என்றால், அங்கே அவர் பேசவில்லை, கத்தினார். துக்கம் என்றால் கண்ணைக் கசக்கிக்கொண்டு மூலையில் உட்காருவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆம்பளைக்கு அது முக்கால்வாசி நேரம் கோபமாகத்தான் வெளியே வருகிறது. பாவம், அழுதால் சிரிக்கிறார்கள், கோபப்பட்டால் ஒதுங்கி நிற்கிறார்கள். அவனும் எது சுலபமோ அதைச் செய்கிறான். குளியலறை விளக்கை அணைக்கவில்லை என்று கத்தினார். தண்ணீர் பாட்டிலை மூடவில்லை என்று கத்தினார். ஒன்பதாவது படிக்கிற மகளுக்குக் கணக்குப் போடும்போது ஏதாவது ஒரு மெட்டை முனகிக்கொண்டே போடுகிற பழக்கம். "படிக்கிறியா, கச்சேரி பண்றியா?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தார். அன்றோடு அவள் முனகுவதை நிறுத்திவிட்டாள். வீடு கப்சிப் என்று ஆனது. அந்த அமைதி அவரைப் பிடுங்கித் தின்றது. "முனகிக்கோம்மா" என்று போய்ச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எத்தனையோ தடவை அவள் அறை வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

அவருக்கு வாய் வராததற்கு அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவருடைய அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தவர். மாதக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். "அப்பா யோசிச்சுக்கிட்டு இருக்காரு, சத்தம் போடாதீங்க" என்பாள் அம்மா. பிள்ளைகள் பூனை மாதிரி நடப்பார்கள். அப்பா அப்படி என்னத்தைத்தான் யோசித்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. யோசித்தபடியே அவர் போய்ச் சேர்ந்தார். ஆம்பளை என்றால் இப்படித்தான் இருப்பான் போல என்று பையன் எடுத்துக்கொண்டான். யாரும் அவனுக்கு வேறு மாதிரி காட்டவில்லை.

வேலை முடிந்து வந்ததும் மாடி ஏறாமல், தெருவோரம் நிறுத்திய வேனிலேயே உட்கார ஆரம்பித்தார். முதலில் பத்து நிமிஷம், பிறகு அரை மணி, அப்புறம் முக்கால் மணி. ஒன்றும் செய்ய மாட்டார். போனைக்கூடப் பார்க்க மாட்டார். மூன்று மாடி ஏறி, கதவைத் தட்டி, உள்ளே போய் அப்பாவாகவும் புருஷனாகவும் ஆவதற்குத் தெம்பு சேரட்டும் என்று காத்திருப்பார். ஜன்னல் வழியாக மனைவி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வண்டிக்குள் உட்கார்ந்து யாரோடு பேசுகிறார் என்ற சந்தேகம் அவளைப் பிடித்துக்கொண்டது. தன் தம்பியைக் கூப்பிட்டுக் கண்ணைக் கசக்கினாள்.

தம்பிக்காரன் மாமாவை டீக்கடைக்கு அழைத்துப் போனான். டீ ஆறுகிறவரை கனைத்தான்.

"மாமா, நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். வேற ஏதாவது தொடர்பு கிடர்பு இருந்தா சொல்லிடுங்க. ஆம்பளைன்னா தப்பு நடக்கும். பேசி முடிச்சுக்கலாம்."

லிஃப்ட்காரர் சிரித்துவிட்டார். எத்தனையோ மாதத்துக்கப்புறம் வந்த முதல் சிரிப்பு. வேற பொம்பளையா? காலையில் எழுந்து பல் தேய்க்கவே தெம்பில்லாத ஆள்கிட்ட வந்து கேக்குற கேள்வியாடா இது, என்று சொல்ல நினைத்தார். அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஏதாவது வழி பிறந்திருக்கும்.

"ஒண்ணுமில்ல மச்சான். வேலை அலுப்பு" என்றார்.

"அவ்வளவுதானே! காலையில ஒரு அரை மணி நேரம் நடங்க மாமா, எல்லாம் பறந்துடும்." மச்சான் அக்காவுக்குப் போன் போட்டு "மாமா சொக்கத்தங்கம்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டான். விசாரணை அத்தோடு முடிந்தது. கொலைக்குற்றத்தை விசாரித்து விடுதலை செய்கிறவர்கள்கூட இவ்வளவு சீக்கிரம் எழுந்து போக மாட்டார்கள்.

இதற்கிடையில் யாருக்கும் தெரியாத ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஒருநாள், ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒன்றின் கூரையில் நின்று எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தால், சிவப்புப் பொத்தான் அமுக்கப்படாமல் இருந்தது. கதவிடுக்கில் மாட்டியிருந்த மரக்கட்டையால்தான் கதவு மூடாமல் நின்றது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அதை மறந்ததே இல்லை. பதினைந்து நாள் கழித்து மறுபடியும் மறந்தார். மூன்றாவது தடவை மறக்கவில்லை. கால் வைக்கும்போதே நினைவு வந்தது. கையை நீட்டினால் எட்டுகிற தூரம். நீட்டவில்லை. என்ன இப்போ, என்று இருந்தது. வேலையை முடித்துவிட்டு இறங்கி வந்தார். அடுத்த கட்டடத்துக்கு வழி சொன்னது போன்.

வருஷ சோதனைக்கு மட்டும் இரண்டு பேர் போயாக வேண்டும். அது சட்டம், கம்பெனியால் மாற்ற முடியாது. அப்படித்தான் பதினான்கு மாடி அலுவலகம் ஒன்றுக்கு லிஃப்ட்காரரும் ஸ்பீக்கரும் மறுபடியும் ஜோடியாகப் போனார்கள். காலை பத்து மணி. ஸ்பீக்கர் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டார். சூப்பர்வைசர் போன வாரம் காற்றடிக்கும்போது தலையைப் பிடித்துக்கொண்டு ஓடியதை நடித்தே காட்டினார். ஒன்பதாவது மாடியில் கதவைத் திறந்து, காலால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டார். பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. லிஃப்ட்காரர் "அடிச்சாச்சு" என்றார். நேரே கூரைமேல் காலை வைத்தார்.

ஸ்பீக்கரின் பேச்சு பாதி வார்த்தையில் அறுந்தது. ஒரு கை லிஃப்ட்காரரின் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்தது. இரண்டு பேரும் வராந்தாவில் விழுந்தார்கள். கதவு தானாக மூடிக்கொண்டது. மறு விநாடி உள்ளே லிஃப்ட் மேலே கிளம்புகிற சத்தம் கேட்டது. பன்னிரண்டாவது மாடியில் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள்.

முழங்காலில் சிராய்ப்பு. லிஃப்ட்காரர் எழுந்து உட்கார்ந்து அதைத் துடைத்தார். ஸ்பீக்கருக்கு உடம்பு வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. தனக்கு ஏன் ஆடவில்லை என்று லிஃப்ட்காரர் யோசித்தார். பயம் வரவேண்டிய இடம் இது. வரவில்லை. அது அவருக்கே வினோதமாக இருந்தது.

மாடிப்படியில் போய் உட்கார்ந்தார்கள். ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் அவர் இவ்வளவு நேரம் சும்மா இருந்து இவர் பார்த்ததில்லை.

"மறந்துட்டேன்டா" என்றார் லிஃப்ட்காரர்.

"பொய்."

"சத்தியமா."

"அடிக்காம அடிச்சாச்சுன்னு சொன்னே. மறந்தவன் அதையும் சேர்த்துத்தான் மறப்பான். தனியாப் போறப்ப எத்தனை தடவை?"

லிஃப்ட்காரர் படியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.

"கேக்குறேன்ல. எத்தனை தடவைடா?"

"மூணு."

ஸ்பீக்கர் முகத்தைக் கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். "செத்துப் போயிடணும்னு தோணுதா?"

இத்தனை நாளில் மூன்று டாக்டர்கள் கேட்காத கேள்வி, மச்சான் கேட்காத கேள்வி, பெண்டாட்டிக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி. லிஃப்ட்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சேச்சே, அப்படியெல்லாம் இல்ல" என்றார். அப்புறம், வேறு யாரைப் பற்றியோ சொல்வது போல, "இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரின்னு இருக்கு. அவ்வளவுதான்" என்றார்.

"அவ்வளவுதானா?" என்றார் ஸ்பீக்கர். பையிலிருந்து சோதனைப் படிவத்தை எடுத்து, பேனாவைத் திறந்தார்.

அதைப் பார்த்ததும்தான் லிஃப்ட்காரருக்கு உண்மையாகவே பயம் வந்தது. "எழுதாதேடா. எழுதினா என்னைக் கீழ இறக்கிடுவாங்க. ஒருத்தன் புத்தி சரியில்லன்னு பேர் வாங்கிட்டா அப்புறம் எந்தக் கம்பெனியில ஏத்துவான்? எனக்கு வேற என்னடா தெரியும்?"

"எழுதத்தான் போறேன்."

"எழுதினே, உனக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. இன்னியோட சரி."

ஸ்பீக்கர் எழுதினார். அன்று சாயங்காலமே கம்பெனி லிஃப்ட்காரரின் சாவியை வாங்கி வைத்துக்கொண்டது. கிளினிக்கில் போய்ப் பரிசோதித்து, தகுதியானவர் என்று காகிதம் வாங்கி வந்தால்தான் இனிமேல் வேலை.

வீட்டில் "வருஷா வருஷம் நடக்குற செக்கப்" என்று பூசி மெழுகினார். "இப்பதானே எல்லாம் பாத்தோம்?" என்றாள் மனைவி. "கம்பெனி ரூல்" என்றார். அந்த வார்த்தைக்கு மேல் எந்த வீட்டில் யார் கேள்வி கேட்கிறார்கள்?

கிளினிக்கில் ஒரு நர்ஸம்மா, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பத்துக் கேள்விகள் வாசித்தார். தூக்கம் கெடுகிறதா? எதிலாவது மனம் ஒட்டாமல் இருக்கிறதா? எரிச்சல் வருகிறதா? ஒவ்வொன்றுக்கும் நாலு பதிலில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இல்லவே இல்லை, சில நாள், பாதி நாள், தினமும். லிஃப்ட்காரர் பத்துக்கும் "இல்லவே இல்லை" என்றார். பத்தாவது கேள்விக்கு, அதாவது இருப்பதைவிடச் செத்துப்போவதே மேல் என்று தோன்றுவதுண்டா என்பதற்கு, நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்து "இல்லவே இல்லையா சார்?" என்று இன்னொரு தடவை கேட்டார். "இல்லவே இல்லைம்மா" என்று அழகாகச் சிரித்தார் லிஃப்ட்காரர். டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்தார், பதிலெல்லாம் ஒழுங்காக இருந்ததால் கையெழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமையிலிருந்து வேலைக்குப் போகலாம்.

ஜெயித்துவிட்ட திமிரோடு வெளியே வந்தார். அந்தக் காகிதத்தை முதலில் யார் முகத்தில் எறிய வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்பீக்கர் வீட்டு வாசலில் மின்விசிறியின் இறக்கைகளைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் உட்காரவில்லை. "வா" என்று சொல்லக்கூட இடம் கொடுக்காமல் காகிதத்தை நீட்டினார்.

"நல்லாப் படி. ஒண்ணுமில்லைன்னு டாக்டரே எழுதிட்டாரு. நீதான் பெரிய டாக்டர் மாதிரி எழுதிக் குடுத்தே. பதினெட்டு வருஷம் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டவன் செய்யுற வேலையாடா அது?"

ஸ்பீக்கர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார்.

"பத்துக்கும் இல்லைன்னு சொன்னியா?"

"ஆமா."

"நான் உன்னைவிடக் கெட்டிக்காரன். எட்டுக்கு இல்லைன்னேன், ரெண்டுக்குச் சில நாள்னு சொன்னேன். அப்பதான் நம்புவாங்கன்னு கணக்குப் போட்டேன். நம்பினாங்க."

லிஃப்ட்காரருக்கு முதலில் புரியவில்லை. "நீ எப்ப...?"

"ஆறு வருஷம் ஆச்சு. மூணு வாரம் லீவுல போனேனே, ஞாபகம் இருக்கா? அதுக்கு முன்னாடி இதே மாதிரி காகிதம் வாங்கி ஒன்பது நாள்கூட ஆகியிருக்கல. என் வீட்டுக்காரி கடைக்குப் போனவ, பர்ஸை மறந்துட்டுத் திரும்பி வந்தா. அதனால இன்னிக்கு உன்கிட்ட பேசிட்டு நிக்கிறேன். அப்புறம் ஆஸ்பத்திரி, மாத்திரை. வாரா வாரம் ஒரு டாக்டரம்மாகிட்டப் போய் உட்கார்ந்து பேசணும். மாத்திரை இன்னும் இருக்கு. அதோ, அலமாரியில."

லிஃப்ட்காரர் இப்போது உட்கார்ந்தார். அந்த மூன்று வாரம் அவருக்கு நன்றாகவே நினைவிருந்தது. "என்னடா, மாமியார் வீட்டு விருந்து பலமான்னு கேட்டேன்" என்றார்.

"கேட்டே."

"நீயும் வயித்தைத் தட்டிக் காட்டினே."

"வேற எதைத் தட்டிக் காட்டச் சொல்றே?"

தரையில் கிடந்த இறக்கைகளிலிருந்து அழுக்குத் தண்ணீர் ஓடி அவர் செருப்பை நனைத்தது. நகர்ந்து உட்காரத் தோன்றவில்லை. "நாள் பூரா பேசுவியேடா" என்றார். "ஊர்க்கதை எல்லாம் பேசுவியே. இதை ஒரு நாள் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லணும்னுதான் பேசிட்டே இருந்தேன். ஏதாவது ஒரு பேச்சுக்கு நடுவுல சட்டுனு போட்டு உடைச்சுடலாம்னு. வாய் வரைக்கும் வரும். சூப்பர்வைசர் முடியைப் பத்தி ஆரம்பிச்சுடுவேன்." ஸ்பீக்கர் காகிதத்தை நாலாக மடித்து லிஃப்ட்காரரின் சட்டைப் பையில் வைத்தார். "உன்கிட்ட சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல. நீ பேசாட்டி பேசாம இரு. ஆனா செவ்வாக்கிழமை நீ தனியாப் போவே. கதவைப் பிடிச்சுக்க நான் இருக்க மாட்டேன். அதை மட்டும் யோசி."

லிஃப்ட்காரர் எழுந்து போனார். வழியெல்லாம் அவருக்கு ஸ்பீக்கர் மேல் கோபம்தான். கோபப்பட்டுக்கொண்டே வந்தவர், தெருமுனை திரும்பும்போது, தான் அழுதுகொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். எதிரே வந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நடந்தார். நல்லவேளை, அன்றைக்கு வேன் இல்லை. உட்கார்ந்து காத்திருக்க இடம் இல்லாததால் நேரே படியேறினார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"நாளைக்குக் கடைக்கு லீவு சொல்ல முடியுமா?" என்றார்.

"எதுக்குங்க?"

"மறுபடியும் கிளினிக் போகணும். நீயும் கூட வா."

"என்ன ஆச்சு? எதாவது சொன்னாங்களா? என்கிட்ட மறைக்காதீங்க."

ஒண்ணுமில்ல என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதை மென்று விழுங்கினார். விழுங்கியது அவருக்கு வலித்தது. "அங்க வந்து சொல்றேன். இங்க சொன்னா மாத்திச் சொல்லிடுவேன்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்று முழுக்க அவள் மனசில் என்னென்ன ஓடியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேறு பெண், பெரிய வியாதி, ஜெயில் என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று நினைத்துப் பார்த்துவிட்டாள்.

மறுநாள் காலையில் நர்ஸம்மா அவரை அடையாளம் கண்டுகொண்டு, "உங்களுக்குத்தான் கையெழுத்து ஆயிடுச்சே சார்" என்றார்.

லிஃப்ட்காரர் நாலாக மடித்த காகிதத்தை மேஜைமேல் வைத்தார். "இது தப்பும்மா. டாக்டர் மேல தப்பில்ல. நான் சொன்னது அத்தனையும் பொய். மறுபடி கேளுங்க."

நர்ஸம்மா அவரையும் பக்கத்தில் நின்ற மனைவியையும் பார்த்தார். புதிதாக ஒரு தாளை எடுத்தார். "உக்காருங்க. இவங்க இருக்கலாமா?"

"இருக்கட்டும்."

"சரி. முதல் கேள்வி..."

"ஏம்மா, கடைசியில இருந்து கேக்குறீங்களா? முதல்ல இருந்து வந்தா, அங்க போறதுக்குள்ள எனக்குத் தைரியம் போயிடும்."

நர்ஸம்மா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். பேனாவைத் தாளின் அடிக்குக் கொண்டுபோய், பத்தாவது கேள்வியை நிதானமாக வாசித்தார். கேள்வி என்னவென்று மனைவிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் கையிலிருந்த பை நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கவில்லை.

"தினமும்" என்றார் லிஃப்ட்காரர்.

அவர் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் "சும்மா சொன்னேன்" என்று சொல்லியிருப்பார். அவள் தன் நாற்காலியை இழுத்து, முட்டியோடு முட்டி இடிக்க அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உதடு துடித்தது. ஆனால் குரல், கடையில் பில் போடும்போது இருக்குமே, அந்தக் குரலாகத்தான் வந்தது.

"அடுத்தது கேளுங்கம்மா" என்றாள்.